லீட் கிட்டார்: மங்கையர்க்கரசி

என் பெயர் ஓர் ஆங்கில இசைத்தட்டின் உறையில் அச்சாகியிருக்கிறது என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர் எங்கள் பள்ளியின் தையலாசிரியை பாக்கியம். அது அறுபத்தொன்பதாம் ஆண்டு, கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். அதே செய்தியை இன்று இரண்டாவதாகச் சொல்ல வந்திருப்பவர் நீங்கள். உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆட்டம். இதில் உட்காருங்கள்.

நீங்கள் பெங்களூரிலிருந்து வந்த காரியம் எனக்கு விளங்கிவிட்டது. பழைய இசைத்தட்டுகளைத் தேடிப்பிடித்து மறுபடி அச்சிட்டு விற்பது உங்கள் தொழில். 'லோகோ ஷெட்' என்ற குழு போட்ட ஒரே தட்டை இப்போது வெளியிடப்போகிறீர்கள். பழைய உறையில் 'லீட் கிட்டார்: மங்கையர்க்கரசி' என்று இருக்கிறது. அந்தக் காலத்தில் இந்த நாட்டில் ஒரு பெண்பிள்ளை இப்படி வாசித்தாளா என்று வெளிநாட்டுக்காரர்கள் வியக்கிறார்கள். அந்தப் பெண்பிள்ளை நான்தான் என்று ஒரு தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்தால் புது உறை அச்சுக்குப் போய்விடும். அவ்வளவுதானே?

கையெழுத்திட மாட்டேன். நான் கிட்டாரைத் தொட்டதே பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டுவதற்காகத்தான். வாசித்தவன் என் தம்பி மணிவாசகம். புது உறையில் என் பெயரை எடுத்துவிட்டு அவன் பெயரைப் போடுங்கள். இதைச் சொல்லத்தான் உங்களை உள்ளே அழைத்தேன். இல்லாவிட்டால் வெயிலில் வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்து வாசலோடு அனுப்பியிருப்பேன்.

முகம் வாடிவிட்டதே. பெண் வாசித்தாள் என்றால்தான் விற்குமோ? முழுவதையும் கேளுங்கள். ஏறக்குறைய நாற்பது ஆண்டு வகுப்பெடுத்தவள் நான். இடையில் குறுக்கிட்டால் முதலிலிருந்து தொடங்குவேன்.

எங்கள் தந்தையார் பொன்மலை ரயில்வே பணிமனையில் எழுத்தராக இருந்தார். அம்மா எங்கள் சிறுவயதிலேயே போய்விட்டார். நான் ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு அப்பாவும் போய்ச்சேர்ந்தார். மணி அப்போது எட்டாம் வகுப்பு. அதன் பிறகு அவனுக்கு அம்மாவும் நான், அப்பாவும் நான், வாத்தியாரும் நான். பெரியவனாகி அதே பணிமனையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தான். பயிற்சிக் காலம் கெடுதலில்லாமல் முடிந்தால் நிரந்தர வேலை. கெடுதலில்லாமல் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். என் கவலை முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருந்தது.

பொன்மலையில் அப்போது ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய. டிரைவர்கள், கார்டுகள், போர்மேன்கள். சனிக்கிழமை தோறும் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில், அதாவது ஊழியர் மன்றத்தில், நடனம். அங்கேதான் இவனுக்கு லெஸ்லி பழக்கமானான். லெஸ்லி டி குரூஸ், எஞ்சின் டிரைவரின் மகன். பாடுவான், மவுத் ஆர்கன் ஊதுவான். நோயல் என்று ஒருவன் டிரம் அடிப்பவன். ஹமீது என்று ஒருவன், சைக்கிள் கடைக்காரர் மகன், பேஸ் கிட்டார். நால்வரும் அறுபத்தெட்டு தீபாவளிக்குச் சேர்ந்தார்கள். மறு தீபாவளிக்கு அப்படி ஒரு குழு இல்லை. அவ்வளவுதான் அவர்களுடைய ஆயுள். அதற்கு நீங்கள் பெங்களூரிலிருந்து வந்திருக்கிறீர்கள்.

புளூஸ் என்று ஏதோ சொன்னீர்களே, அது என்ன என்று எனக்குத் தெரியும். ஒரு வரியைப் பாடுவது. அதே வரியை மறுபடியும் பாடுவது. மூன்றாவது வரியில் அழுது முடிப்பது. விளக்கு வைத்த நேரத்தில் கூடத்தில் உட்கார்ந்து அவன் இதைப் பழகும்போது, "என்னடா ஒப்பாரி வைக்கிறாய், வீட்டில் யார் செத்தார்கள்?" என்று கேட்டேன்.

"அதேதான்க்கா! ஒப்பாரியேதான்! எப்படிக்கா கண்டுபிடிச்சே?" என்றான்.

திட்டியது நான். அவனுக்கோ பரிசு வாங்கியதுபோல் முகம் மலர்ந்துவிட்டது. மறுநாள் லெஸ்லி வாசலில் வந்து நின்று, "டீச்சர், மணி சொன்னான். நீங்க சொன்னது ஹண்ட்ரட் பர்சென்ட் கரெக்ட், டீச்சர்" என்கிறான். நான் என்னவோ அவர்கள் குழுவுக்கு ஆலோசகர் என்பதுபோல.

இன்னொன்று. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது இடக்கைச் சுண்டுவிரலில் ஏதோ மாட்டியிருந்தான். அடிபட்டுவிட்டதோ என்று பதறிப்போனேன். பார்த்தால் கண்ணாடிக் குழாய். நீராவி எஞ்சினில் கொதிகலன் தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பார்க்கக் கண்ணாடிக் குழாய் ஒன்று வைத்திருப்பார்கள். உடைந்துபோன ஒன்றைப் பொறுக்கி, விரல் அளவுக்கு அறுத்து, விளிம்பை அரத்தால் தேய்த்து மாட்டிக்கொண்டிருக்கிறான். அதைக் கம்பிமேல் இழுத்தால் கிட்டார் அழுமாம். "சோற்றில் கண்ணாடித் தூள் விழுந்தால் யார் அழுவது?" என்றேன். கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிட்டான். சொன்னால் கேட்பான். அதை நான் மறுக்கமாட்டேன். சொன்னால் கேட்கிற பிள்ளைதான்.

தை மாதம் சென்னையில் ஒரு போட்டிக்குப் போனார்கள். முதற்பரிசு இல்லை. ஆனால் அங்கே வந்திருந்த ஒருவர், சிறிய இசைத்தட்டு நிறுவனம் நடத்தியவர், பக்திப் பாடல் தட்டுகளில் நன்றாகச் சம்பாதித்தவர், என்ன நினைத்தாரோ, "உங்களுக்கு ஒரு பெரிய தட்டு போடுறேன்டா பசங்களா" என்றாராம். பங்குனியில் போய்ப் பதிவு செய்துவிட்டு வந்தார்கள். பணிமனையில் இரண்டாம் சங்கு ஊதினால் வாயிற்கதவை அடைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு வருகிறவனுக்கு அரைநாள் கூலி போயிற்று. அதையே தட்டுக்குப் பெயராக வைத்தார்கள், 'செகண்ட் சைரன்' என்று. கேட்பவர்களுக்கு என்ன விளங்கும்? பொன்மலைக்காரனுக்குத்தான் விளங்கும். பொன்மலைக்காரன் எவன் ஆங்கிலத் தட்டு வாங்கினான்?

பதிவுக்குப் போகுமுன் அவனை உட்காரவைத்துப் பேசினேன். இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் பிற்பாடு எல்லாரும் இதைத் திரித்தார்கள்.

"உறையில் உன் பெயர் வரக்கூடாது" என்றேன்.

"ஏன்க்கா?"

"நீ அரசாங்க உத்தியோகத்தில் கால் வைத்திருக்கிறாய். முன் அனுமதி வாங்காமல் வெளியில் தொழில் செய்தான் என்று எவனாவது மொட்டைக் கடுதாசி போட்டால் உன் வேலை என்ன ஆகும்?"

அது மட்டுமல்ல. அதே சமயத்தில் லால்குடியிலிருந்து எனக்கு ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியர். ஒழுங்கான, கட்டுப்பாடான சைவக் குடும்பம். பெண்ணின் தம்பி லெஸ்லி மாதிரிச் சட்டைக்காரப் பையன்களோடு சேர்ந்து இன்ஸ்டிட்யூட்டில் கிட்டார் தட்டுகிறான் என்று தெரிந்தால் என்ன நினைப்பார்கள்? அதை அவனிடம் நான் சொல்லவில்லை. வேலையைத்தான் சொன்னேன். வேலையும் உண்மைதான்.

"பேரே இல்லாம எப்படிக்கா? மத்த மூணு பேர் பேரும் போடுறாங்களே" என்றான்.

அப்போது நான்தான் வழி சொன்னேன். "புனைபெயர் வைத்துக்கொள். அரசாங்க வேலையில் இருந்துகொண்டு கதை எழுதுகிறவர்கள் எல்லாரும் என்ன செய்கிறார்கள்? புனைபெயரில்தான் எழுதுகிறார்கள். எத்தனையோ பேர் மனைவியின் பெயரையே வைத்துக்கொள்கிறார்கள். அது தமிழில் ஒரு நல்ல வழக்கம். வாழ்க்கைத்துணைக்குச் செய்யும் மரியாதை."

"எனக்கு ஏதுக்கா பொண்டாட்டி?"

"அப்படியானால் நீ பெரிதாக மதிக்கிற ஒரு பெயரை வைத்துக்கொள். அச்சில் ஏறினால் அழியாது. ஆகவே யோசித்து வை."

"சரிக்கா" என்றான். சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் அன்றே கவனித்திருக்க வேண்டும்.

ஆயிரம் பெயர் இருக்கிறது தம்பி. தேவாரத்திலிருந்து ஒன்று எடுத்திருக்கலாம். அப்பாவின் பெயரை வைத்திருக்கலாம், ஞானசிகாமணி என்று எவ்வளவு கம்பீரமான பெயர்! நண்பர்கள் பெயர், ஆசிரியர்கள் பெயர், ஊர்ப் பெயர், ஆற்றின் பெயர். அத்தனையும் இருக்க, இவன் போய் என்ன செய்தான் என்பதைத்தான் நீங்கள் மேசைமேல் வைத்திருக்கிறீர்கள்.

ஆனி மாதம். முதல் பாடவேளை முடிந்து ஓய்வறைக்கு வருகிறேன். பாக்கியம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "டீச்சர், நீங்க ஒரு வார்த்த சொல்லவே இல்லையே!" என்கிறார்.

"எதை?"

"எங்க அண்ணன் மவன் இன்ஸ்டிட்யூட்டுல ரெக்கார்டு பாத்தானாம். ஒங்க பேரு இங்கிலீசுல போட்டிருக்காம். லீடு கிட்டாராமே?"

"பாக்கியம், எனக்கு வீணையே தெரியாது."

"அதான! எப்படிக் கமுக்கமா இருந்துட்டீங்க! என் சித்தி மவளும் இப்படித்தான், நீச்சல் தெரியும்னு கல்யாணம் முடிஞ்சப்புறந்தான் சொன்னா."

சுற்றியிருந்த ஆசிரியைகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மணிவாசகத்தின் அக்காளுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று பிற்காலத்தில் சொன்னார்கள். தன் பெயர் சந்தியில் கிடக்கும்போது எவளுக்கு நகைச்சுவை உணர்வு இருக்கும்?

இரண்டு நாளில் தாளாளர் அழைத்தார். எங்கள் பள்ளி ஒரு வணிகக் குடும்பத்தார் நடத்திய பெண்கள் பள்ளி. தாளாளர் பருப்பு மண்டிக்காரர், நல்ல மனிதர், பெண்களிடம் பேசும்போது சுவரைப் பார்த்துப் பேசுவார்.

"நீங்க வாசிக்கிறது தப்புன்னு நான் சொல்லலம்மா," என்று சுவரிடம் சொன்னார். "சரசுவதி கையிலயே வீணை இருக்கு. ஆனா அந்தப் பசங்களோட... ராத்திரி டான்ஸுல... பெத்தவங்க கேக்குறாங்க."

"ஐயா, நான் வாசிக்கவில்லை."

"பேரு இருக்கேம்மா."

"கம்பி வாத்தியம் வாசிக்கிறவர்களுக்கு விரல் நுனி காய்த்துப்போயிருக்கும். இதோ என் இடக்கை. பாருங்கள்."

"நான் எதுக்கும்மா ஒங்க வெரலப் பாக்கணும்!" என்று எழுந்தே விட்டார் அந்த மனிதர்.

கடைசியில் எழுத்து மூலம் விளக்கம் கொடுத்தேன். பெயர் என்னுடையதே, ஆள் நானல்லேன். தம்பியின் பெயரை எழுதவில்லை. எழுதினால் அவன் வேலைக்கு ஆபத்து. யார் அந்த ஆள் என்று கேட்டார். சொல்ல இயலாது என்றேன். அவ்வளவுதான், ஒன்றுக்கு இரண்டாக ஐயம் வந்துவிட்டது. வகுப்பில் பின்வரிசைப் பெண்கள் நான் திரும்பிக் கரும்பலகையில் எழுதும்போது வாயால் 'டொய்ங்' என்று ஒலியெழுப்புவார்கள். என்னை அறியாமல் சுண்ணக்கட்டி உடைந்துபோகும்.

லால்குடிக்காரர்கள் பதிலே சொல்லவில்லை. தரகரை விட்டுக் கேட்டதற்கு, "பொண்ணோட தம்பி வாசிச்சாக்கூடப் பரவாயில்லங்க, சின்ன வயசு, திருத்திக்கலாம். பொண்ணே வாசிக்கிதாமே" என்றார்களாம். எனக்கு அதில் வருத்தமில்லை. உண்மையாகவே இல்லை. வருத்தம் அந்த மனிதருக்காக அல்ல. அவரை நான் ஒரு முறை பார்த்திருக்கிறேன், நல்ல உயரம், கணக்குப் பாடம் எடுப்பவர் போலவே நடந்துவந்தார். அதற்குப் பிறகு வேறு வரன் அமையவில்லை. அமையாததற்குப் பல காரணங்கள் உண்டு.

பாக்கியம் சொன்ன அன்று மாலை அவன் பணிமனையிலிருந்து வந்தான். எண்ணெய்க் கையோடு நின்றான். இன்ஸ்டிட்யூட்டிலிருந்து நானே போய் வாங்கிவந்த உறையை, உள்ளே தட்டு இல்லாத வெறும் உறையை, அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"இது யார் பெயர்?"

"ஒன் பேருதான்க்கா." அவன் முகத்தில் அப்போதும் அந்தச் சிரிப்பு. "நான் கையில குடுத்துட்டு ஒன் மொகத்தப் பாக்கணும்னு இருந்தேன். முந்திக்கிட்டியே. நீதானே சொன்னே, பெருசா மதிக்கிற பேரா..."

"என்னை ஊர் சிரிக்க வைக்கத்தான் உன்னை வளர்த்தேனா?"

சிரிப்பு நின்றது. நான் பேசினேன். நிறையப் பேசினேன். அவன் நின்றுகொண்டே இருந்தான். விளையாட்டாகச் செய்ததாக ஒப்புக்கொண்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன். அதைக்கூடச் சொல்லவில்லை. அன்று இரவே கிட்டாரைப் பழைய போர்வையில் சுற்றிப் பரணில் ஏற்றினான். நான் ஏற்றச் சொல்லவில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் ஒருநாளும் "வாசிக்காதே" என்று சொன்னதில்லை. பேசுவதை நிறுத்தினேன், அவ்வளவுதான். சோறு வைப்பேன், தண்ணீர் வைப்பேன். பேசமாட்டேன். கார்த்திகைத் தீபம் வரை பேசவில்லை.

குழு ஏன் கலைந்தது என்று கேட்டீர்கள். லெஸ்லி ஆஸ்திரேலியா போனதால் கலைந்தது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் குடும்பத்தோடு கிளம்பிப் போய்விட்டார்கள், பெர்த் நகரத்துக்கு. பாடுகிறவன் போனால் குழு எப்படி நிற்கும்?

எப்போது என்றா? எழுபது, மே மாதம்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? ஆமாம், அறுபத்தொன்பது தீபாவளிக்கே குழு இல்லை என்று நான்தான் சொன்னேன். போகும் எண்ணம் முன்பே இருந்திருக்கும். கப்பலேறுகிற நினைப்பு வந்தவனுக்குப் பாட்டில் மனம் ஒட்டுமா? இல்லை, அவன் வீட்டுக்கு வந்து கேட்டது உண்மை. ஆவணி மாதம் வந்தான். தட்டு விற்கவில்லை, நிறுவனத்தார் நான்கு ஊர்களில் கச்சேரி ஏற்பாடு செய்தால் விற்கும் என்றார்கள். பெங்களூர், பம்பாய், கல்கத்தா, இன்னும் ஓர் ஊர். நான்கு பேரும் வந்தால் ரயில் செலவு அவர்களுடையது.

"டீச்சர், மணி வந்தாப் போதும், டீச்சர்," என்று வாசற்படியில் நின்றான் லெஸ்லி. "நாங்க வேற ஆள் வச்சுப் பாத்தோம். நல்லா வாசிக்கிறான். பட் அவன் வாசிக்கிறான், அவ்ளோதான். மணி பேசுவான், டீச்சர். மணி இல்லாம நான் யார்கிட்ட பாடுறது?"

"மணி வரமாட்டான்" என்றேன்.

"மணியைக் கேக்கலாமா, டீச்சர்?"

"வரமாட்டான் என்று சொல்கிறேனே."

மணி உள்ளே இருந்தான். கேட்டுக்கொண்டுதான் இருந்தான். எழுந்து வரவில்லையே! நான் பொய் சொல்லவில்லை தம்பி. அவன் வரப்போவதில்லை, வரமாட்டான் என்றேன். இரண்டாம் முறை லெஸ்லி தன் தாயாரை அழைத்துக்கொண்டு வந்தான். அந்த அம்மாள் ஒரு கேக்கும் கொண்டுவந்தார். முட்டை போட்டது, வாங்கிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு வரவில்லை.

விற்காத தட்டுகள் பார்சலில் திரும்பி வந்து லெஸ்லி வீட்டில் குவிந்தன. அந்த அம்மாள் கெட்டிக்காரி. தட்டைக் கொதிக்கும் நீரில் காட்டினால் இளகும், ஒரு சட்டியின்மேல் கவிழ்த்தால் மடிப்பு மடிப்பாகப் பூத்தொட்டி ஆகிவிடும். அடியில்தான் ஏற்கெனவே ஓட்டை இருக்கிறதே, தண்ணீர் வடிய. ஆஸ்திரேலியா போகுமுன் காலனியில் எல்லா வீட்டுக்கும் ஒன்று கொடுத்தார். இரண்டு மூன்று ஆண்டு பொன்மலையில் பாதிக் குரோட்டன்ஸ் அதில்தான் வளர்ந்தது. ஏன் தலையில் கை வைத்துக்கொள்கிறீர்கள்? ஒரு தட்டு ஒரு ஸ்கூட்டர் விலைக்குப் போகிறதா? போகட்டும். அந்தச் செடிகள் நன்றாகத்தான் வந்தன.

பிறகு என்ன? வேலை நிரந்தரமாயிற்று. அதை நான் காப்பாற்றிக்கொடுத்தேன். துறையூரில் பெண் எடுத்தோம். ஒரு மகன், ஓசூரில் இருக்கிறான். சார்ஜ்மேனாக ஓய்வு பெற்றான். ஒரு பழக்கம் மட்டும் இருந்தது. சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சும்மா இருக்கும்போது இடக்கை விரல்கள் தொடைமேல் ஏதோ செய்துகொண்டே இருக்கும். "விரலை ஆட்டாதே, குடும்பத்துக்கு ஆகாது" என்பேன். நிறுத்திவிடுவான். ஐம்பது வயதிலும் சொன்னால் கேட்பான். கிட்டாரை இந்த வீட்டுக்கு வரும்போது இறக்கித் துடைத்து, தேவாலயத்துப் பாடற்குழுவுக்குக் கொடுத்துவிட்டேன். கொடுக்கட்டுமா என்று கேட்டேன். "குடுத்துடுக்கா" என்றான். இரண்டாயிரத்துப் பதினொன்றில் மார்வலி வந்து ஒரே நாளில் போய்விட்டான். எனக்கு மூத்தவர்களும் இல்லை, இளையவனும் இல்லை என்று ஆயிற்று.

இவ்வளவுதான். இப்போது சொல்லுங்கள், யார் பெயரைப் போடவேண்டும்? என் பெயரை எடுத்துவிடுங்கள். மணிவாசகம் என்று போடுங்கள். ஊரெல்லாம் என்னைச் சந்தேகித்த பழி நீங்கட்டும். அவனுக்கும் உரியது கிடைக்கட்டும். உலகம் அவன் பெயரை மறைத்துவிட்டது, ஒருவரும் அவனைக் கண்டுகொள்ளவில்லை, அது எனக்குப் பெரிய குறை.

என்ன கேட்கிறீர்கள்? இல்லை. கேட்டதில்லை. அந்தத் தட்டை நான் ஒருநாளும் கேட்டதில்லை. வீட்டில் அதைப் போடும் கருவி ஏது? இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

அந்தப் பெட்டிக்குள் கருவியும் கொண்டுவந்திருக்கிறீர்களா? வேண்டாம் தம்பி. எனக்குக் களைப்பாக இருக்கிறது. காலையிலிருந்து பேசவில்லை, இப்போது சேர்த்துப் பேசிவிட்டேன். சரி, இவ்வளவு தூரம் சுமந்துவந்திருக்கிறீர்கள். ஒரு பாட்டு. ஒன்றே ஒன்று. ஒலியைக் குறைத்து வையுங்கள், அடுத்த வீட்டில் குழந்தை தூங்குகிறது.

ம்.

இது லெஸ்லி. இந்தக் கரகரப்பு அவனுடையதுதான். வாசற்படியில் நின்று "டீச்சர்" என்பான், இதே குரல். என்ன பாடுகிறான்? எனக்கு ஆங்கிலம் எழுத்தில் வரும், பாட்டில் பிடிபடாது. இரண்டாம் சங்கு ஊதிவிட்டது, கதவை அடைத்துவிட்டார்கள் என்றா? மறுபடியும் அதே வரியா? சரி.

இது என்ன? அவன் ஒரு வரி பாடி நிறுத்தினானே, அந்த இடைவெளியில்.

இதுதானா மணி?

கொஞ்சம் இருங்கள். பேசாதீர்கள்.

லெஸ்லி ஒன்று சொல்கிறான், இவன் உடனே பதில் சொல்கிறான். அவன் கதவடைத்துவிட்டார்கள் என்கிறான், இவன் ஏன் அடைத்தார்கள் என்கிறான். அவன் அழுதால் இவன் கேலி செய்கிறான். பாருங்கள், பாருங்கள், விடமாட்டேன் என்கிறான். முறைக்கிறான். எதிர்த்துப் பேசுகிறான் தம்பி. எவ்வளவு பேசுகிறான்! கடைசி வார்த்தை அவனுடையதாகத்தான் இருக்கவேண்டும் என்று நிற்கிறான். வீட்டில் ஒருநாள், ஒரே ஒருநாள் எனக்கு எதிர்வார்த்தை பேசியிருப்பானா? நான் பேசப்பேசக் கேட்டுக்கொண்டு நிற்பான். எண்ணெய்க் கையோடு நிற்பான்.

நிறுத்தவேண்டாம். முடியட்டும்.

முடிந்துவிட்டதா?

தண்ணீர் அந்தக் கூசாவில் இருக்கிறது. எனக்கும் கொஞ்சம் ஊற்றுங்கள். தட்டைத் துடைத்து உள்ளே வையுங்கள், விரல் ரேகை படாமல்.

அந்தப் பெயர் விஷயம். மாற்ற வேண்டாம். நான் சொன்னதை விடுங்கள். புனைபெயர் என்பது அதை வைத்துக்கொண்டவருடைய உரிமை. அவர் இறந்த பிறகு எடுத்து அச்சிடுகிறவர் அதை மாற்றக்கூடாது. பள்ளியில் நான் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். அவன் வைத்த பெயர் வைத்த இடத்திலேயே இருக்கட்டும். இது விதி, இதில் வேறொன்றும் இல்லை. நீங்கள் ஒன்றும் எழுதிக்கொள்ள வேண்டாம்.

ஆனால் ஒன்று. ஒரு பெண் வாசித்தாள் என்று எங்காவது ஒரு வரி எழுதினீர்களோ, இந்த வயதிலும் நீதிமன்றம் வருவேன். நான் வாசிக்கவில்லை. வாசித்தவன் என் தம்பி. கையெழுத்துக் கிடையாது. அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வையுங்கள்.

என் படமா? எதற்கு என் படம்? உறையின் பின்பக்கத்துக்கா? கிழவியின் முகத்தைப் பார்த்து எவன் தட்டு வாங்குவான்? அந்த மர அலமாரியைத் திறந்து பாருங்கள். மேல்தட்டு. நகைப்பெட்டி அல்ல, அதன் கீழே. ஆமாம், அந்தக் கடித உறைதான். பணிமனையில் அடையாளச் சீட்டுக்காக எடுத்த படம், இருபத்திரண்டு வயது. காது கொஞ்சம் பெரிதாக இருக்கும், எங்கள் அப்பா ஜாடை. இதைப் போடுங்கள். பெரிதாகப் போடுங்கள்.

அடியில் என் பெயரைப் போடுங்கள். மங்கையர்க்கரசி என்று. நன்றாகத் தெரியும்படி.

பார்க்கிறவர்கள் குழம்பட்டும். இத்தனை காலமும் எல்லாரும் என்னைத்தானே கேட்டார்கள், நீயா வாசித்தாய், நீயா வாசித்தாய் என்று? இனி அவனைக் கேட்கட்டும், நீதான் மங்கையர்க்கரசியா என்று. அவன் பதில் சொல்லட்டும்.